நன்றி ஸ்லைடுக்குப் பின்னால்

ஆகஸ்ட் 4, திங்கள்

முதல் நாள். சரவணம்பட்டி. கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள் ஏழு பேர். எனக்கு ஜன்னலோர மேசை. ஜன்னல் திறக்காது.

வேலை: "அடுக்கி" என்ற மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது. ஒரு கம்பெனியின் பத்து இருபது பிரிவுகள் மாதக் கூட்டத்துக்கு ஆளுக்கு நாலு ஸ்லைடு அனுப்பும். அடுக்கி எல்லாவற்றையும் வாங்கி, முன்பின் மாற்றி வரிசைப்படுத்தி, ஒரே கோப்பாகத் தரும். எது முதலில், எது கடைசியில் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். விதிப்பக்கம் என்று பெயர். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முதலாளி தண்டபாணி சார் என் விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"தமயந்தி. ஃபிலாசபி. பிஎச்டி பாதியில விட்டாச்சு. ஏனுங்க அம்மிணி, இதுல ஃபிலாசபி எதுவும் வேண்டாமுங்க. மில்லு ஆபீஸ்ல குந்தியிருக்கிற ஆளு படிச்சாப் புரியோணும். அவ்வளவுதான்."

இரண்டு மாதம் பார்ப்பார்கள். செப்டம்பர் முப்பதாம் தேதி நான் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார்கள்.

அறைக்குத் திரும்பி நாற்காலியை மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கும் சரிவரவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அடுக்கியைத் தனியாளாக எழுதியவன் நாச்சிமுத்து. இருபத்தாறு வயது. பெயர் தாத்தாவுடையதாம். என்னைவிட இரண்டு வயது சிறியவன். என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுகிறான்.

இன்று அவன் சொன்னதை அப்படியே குறித்துக்கொள்கிறேன். கையேட்டில் போட முடியாது.

"எல்லாப் பிபிடியிலும் கடைசியில ஒரு நன்றி ஸ்லைடு இருக்குமில்லீங்க? ரோஜாப்பூ போட்டு? அது வந்தாப் போதும், ஹாலே எந்திரிச்சுரும். அதுக்குப் பின்னாடி என்ன இருந்தாலும் ஒருத்தரும் பாக்கறதில்லீங்க."

"அப்புறம் எதுக்குப் பின்னாடி வைக்கிறாங்க?"

"ஆராச்சும் கேள்வி கேட்டா எடுத்துக் காட்டத்தான்."

"கேப்பாங்களா?"

"எங்கீங்க. அந்நேரம் வடை வந்துருமுங்க."

அதனால் அடுக்கியிலும் அப்படி ஓர் இடம் வைத்திருக்கிறான். விதிப்பக்கத்தில் அதற்கு 'நன்றிக்குப் பின்' என்று பெயர். தேவையில்லாததை அங்கே அனுப்பலாம்.

அழிப்பது வேறு, பின்னால் வைப்பது வேறு. அழித்தால் யாராவது கேட்பார்கள். (இதுதான் தண்டபாணி சார் வேண்டாம் என்று சொன்ன ஃபிலாசபி போலிருக்கிறது.)

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஏழாம் பக்கம். மாதிரி விதிப்பக்கம் ஒன்றைச் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் போட்டு, அதன் விளைவைப் படமாகக் கீழே காட்ட வேண்டும்.

காலை முழுக்கப் படம் சரியாக வரவில்லை. பரிசோதனைக்கு வைத்திருக்கும் கோப்பில் தலைப்பே இல்லாத காலி ஸ்லைடுகள் மூன்று இருக்கின்றன. அவை நடுவில் வந்து வெள்ளையாய் உட்கார்ந்துகொள்கின்றன. பல் விழுந்த வாய்.

விதிகளில் ஒன்று: தலைப்பில்லாத ஸ்லைடு எங்கே போக வேண்டும். நாச்சிமுத்து 'இருந்த இடத்திலேயே' என்று வைத்திருந்தான். 'நன்றிக்குப் பின்' என்று மாற்றினேன். மூன்றும் போய்விட்டன. படம் அழகாக வந்தது.

அவனிடம் காட்டினேன். தலையைச் சொறிந்தான்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மேல கீழ எழுதியிருக்கிறதை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. கட்டத்துக்குள்ள இருக்கிறதை அப்படியே காப்பியடிச்சு ஒட்டிருவாங்க."

"தலைப்பில்லாத ஸ்லைடுன்னா காலி ஸ்லைடுதானே?"

"பெரும்பாலும் அப்படித்தான்."

பெரும்பாலும் என்ற சொல்லை வைத்து ஒருகாலத்தில் நான் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். இன்று அதைத் தாண்டிப் போய்விட்டேன். படத்தைச் சேமித்தேன். ஏழாம் பக்கம் முடிந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

பக்கம் 8, 9, 10. வெயில். நகம் கடிப்பதை விட வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கையேடு முடிந்து, அச்சடித்து, சுருள்கம்பி போட்டு வந்துவிட்டது. இருபது பிரதி. தண்டபாணி சார் ஒன்றை மோந்து பார்த்தார். முதல் வாடிக்கையாளர் பல்லடம் ரோட்டில் ஒரு நூற்பாலை. நாளை மறுநாள் நான்தான் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

மில்லில் பயிற்சி. பதினான்கு பிரிவுகளிலிருந்து பதினான்கு பேர். பஞ்சு, நூற்பு, மின்சாரம், கொள்முதல், கேன்டீன், விடுதி. எல்லோரும் கையேட்டை விசிறியாக வைத்துக்கொண்டார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மட்டும் ஏழாம் பக்கத்தை விரித்து, கட்டத்துக்குள் இருந்ததை அப்போதே தட்டச்சு செய்து முடித்துவிட்டார். கெட்டிக்காரர்.

தேநீர் இடைவேளையில் ஒரு பெண்மணி என்னை ஓரமாக இழுத்துப்போனார். பிலோமினா. திண்டுக்கல்காரர். பெண் தொழிலாளர் விடுதியின் வார்டன். ஐம்பதை ஒட்டிய வயது.

"மேடம், எனக்கு டைப்பு ஒத்த விரல்லதான் வரும். நான் பேப்பர்ல எழுதி, போன்ல போட்டோ எடுத்து, அதை ஸ்லைடுல ஒட்டி விட்ருவேன். அது போதுமா?"

"போதும்."

"தண்ணி விசயம் மேடம். ஹாஸ்டல் சம்ப்புத் தொட்டிக்குப் பக்கத்துல கக்கூஸ் குழா போகுது. கசியுது. தண்ணியில ஒரு வாடை. நூத்திநாப்பது புள்ளைக குடிக்குது. மூணு மாசமா நானும் சொல்லிப் பாத்துட்டேன். வாயால சொன்னா கணக்கில்லைங்கிறாக. பிபிடியில போடு, மீட்டிங்ல எம்டி பாப்பாருன்னுட்டாக. இந்த மாசம் போடப் போறேன். கண்டிப்பா வந்துருமில்ல?"

"அனுப்பினாப் போதும்மா. அடுக்கி பார்த்துக்கும்."

"நடுவுல எங்கிட்டாவது வந்தாப் போதும் மேடம். முதல்ல எல்லாம் வேணாம்."

சிரித்தேன். என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன். நல்ல நாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று மில்லில் மாதக் கூட்டம். சாயங்காலம் தண்டபாணி சார் மைசூர்பாவோடு வந்தார். எப்போதும் இரண்டு மணி நேரம் இழுக்கிற கூட்டம் ஐம்பது நிமிடத்தில் முடிந்ததாம். ஒரு ஸ்லைடுகூட இடம் மாறவில்லையாம். அவர்களே போன் செய்து சொன்னார்களாம்.

"அம்மிணி, உங்க ஏழாம் பக்கத்தைத்தான் அப்படியே போட்டிருக்காங்க. இனி எல்லாக் கஸ்டமருக்கும் அதையே குடுத்தர்லாம்."

மைசூர்பா இரண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பிலோமினா போனில். வார்டன்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லையாம், ஸ்லைடை மட்டும் வாங்கிக்கொள்வார்களாம். தன் ஸ்லைடு வந்ததா என்று கேட்டார். வந்திருக்கும் என்றேன்.

"எம்டி என்ன சொன்னாருன்னு ஒண்ணும் தகவல் இல்லையே?"

அது எனக்குத் தெரியாது என்றேன். தெரியாததுதான்.

செப்டம்பர் 3, புதன்

இந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு கம்பெனிகள். ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகத்தைத் திறந்து ஒரே பத்தியை நான்கு முறை படித்தேன். படிக்கும் பழக்கம் போய்க்கொண்டிருக்கிறதா, அல்லது உட்காரும் பழக்கமா.

செப்டம்பர் 8, திங்கள்

பிலோமினா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். வேலையாக இருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலையாக இருந்தேன் என்பது சரியல்ல. மேசையில்தான் இருந்தேன். போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் நாச்சிமுத்து நின்றபடியே சொன்னான். "அந்த மில்லு ஹாஸ்டல்ல மஞ்சக்காமாலையாமுங்க. பதினொரு பேரு. ஒரு புள்ள ஐசியூல."

"தண்ணியா?"

ஏன் உடனே அப்படிக் கேட்டேன் என்று அவன் கேட்கவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஆகஸ்ட் கூட்டத்துக்காக அடுக்கி செய்து கொடுத்த கோப்பைத் திறந்தேன். அறுபத்திரண்டு ஸ்லைடு. ஐம்பத்தொன்பதில் ரோஜாப்பூ. அறுபது காலி. அறுபத்தொன்று காலி. அறுபத்திரண்டில் கோடு போட்ட நோட்டுத்தாளின் புகைப்படம். ஒரு மூலையில் கட்டைவிரல் விழுந்திருக்கிறது.

"ஹாஸ்டல் சம்ப்பில் கழிவுத் தண்ணி சேருது. வாடை அடிக்குது. குழாயை மாத்தணும். அதுவரைக்கும் வெளித்தண்ணி வேணும். 140 பேர். தயவுசெய்து வந்து பாக்கவும். வார்டன்."

மேலே தலைப்புக்கான பெட்டி இருந்தது. காலியாக.

பிற்பகல்: ஏழாம் பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் செய்தேன். 'நன்றிக்குப் பின்' என்பதை 'இருந்த இடத்திலேயே' என்று. படத்தையும் மாற்றினேன். இணையத்தில் இருக்கும் பிரதியில் உடனே மாறிவிடும். இதெல்லாம் வழக்கமான பிழைதிருத்தம்தான். வாரம் ஒருமுறை செய்வது.

செப்டம்பர் 18, வியாழன்

அறையைக் கழுவினேன். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். குடிதண்ணீர்க் குடத்தை மூன்று முறை விளக்கினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

நாச்சிமுத்து: "ஏங்க, மேனுவலை மாத்துனா மில்லுல ஏற்கெனவே போட்டு வெச்சிருக்கிற விதிப்பக்கம் மாறாதுங்களே."

அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னான்.

"நான் நேத்தே ஆபரேட்டருக்குப் போன் போட்டு மாத்தச் சொல்லிட்டனுங்க. மத்த ரெண்டு கம்பெனிக்கும் சொல்லிட்டேன்."

"நீ எப்படி..."

"மேனுவலை ஆரு எப்ப மாத்துனாங்கன்னு ஹிஸ்டரியில இருக்குதுங்க. தேதி, மணி, பேரு எல்லாம். நான் ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. இருக்குதுன்னு மட்டும் சொல்றேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை. மில்லில் இருப்பதை மாற்ற வேண்டும் என்பது. நான் மாற்றியது பக்கத்தை.

செப்டம்பர் 22, திங்கள்

தண்டபாணி சார் அறைக்குள் கூப்பிட்டார். மில் நிர்வாகத்திடமிருந்து கடிதம். வார்டன் ஆகஸ்டிலேயே ஸ்லைடு போட்டதாகச் சொல்கிறார். தேடியதில் நன்றிக்குப் பின்னால் கிடைத்தது. அது ஏன் அங்கே போனது என்று உங்கள் கம்பெனி எழுத்தில் விளக்க வேண்டும்.

அவர் பதற்றத்தோடு இருப்பார் என்று நினைத்தேன். மலர்ந்திருந்தார்.

"நான் காலையில நெட்டுல மேனுவலை எடுத்துப் பாத்தனுங்க. ஏழாம் பக்கத்துல தெளிவா இருக்குது. தலைப்பில்லைன்னா இருந்த இடத்துலயே இருக்கோணும்னு. நாம சரியாத்தான் சொல்லியிருக்கறோம். அவங்களாப் பாத்து என்னத்தையோ மாத்திப் போட்டிருக்காங்க. அந்தம்மா தலைப்பும் போடல. நம்ம மேல என்ன தப்பு?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இதை ஒரு ரெண்டு பக்கத்துக்கு, உங்க பாஷையில, கோபமில்லாம, அழகா எழுதிருங்க. மாசக் கடைசிக்குள்ள குடுத்தாப் போதும்."

மறைக்க நினைத்தேன். நான் மறைத்தது இப்போது சாட்சியாக எழுந்து நிற்கிறது, வேறொருவருக்கு எதிராக.

செப்டம்பர் 23, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். "மென்பொருள் கையேட்டின்படி சரியாகவே இயங்கியது." உண்மை. நான் எழுதிய எந்த வாக்கியமும் இவ்வளவு உண்மையாக இருந்ததில்லை.

செப்டம்பர் 24, புதன்

அதே வாக்கியம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடி போய்க் குடித்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

போன் அடித்தது. இந்த முறை எடுத்தேன்.

"மேடம், நான் பிலோமினா. திட்டறதுக்குக் கூப்பிடல. ஒரு உதவி. எனக்கு மெமோ குடுத்துருக்காக. முப்பதாந் தேதிக்குள்ள பதில் குடுக்கணுமாம். இல்லாட்டி அனுப்பிருவாகளாம். நீங்க நல்லா எழுதுவீகள்ல. புத்தகமே எழுதிருக்கீகளே."

சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

இப்போது என்னிடம் இரண்டு கடிதம். அவரைக் குற்றம் சொல்லும் கடிதம், அவருக்காக வாதாடும் கடிதம். இரண்டுக்கும் கடைசித் தேதி ஒன்று.

செப்டம்பர் 27, சனி

விடுதி. தகரக் கூரை போட்ட சமையற்கட்டு. சோறாக்கும் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பிலோமினா முகமெல்லாம் ஆவி.

"கேன் தண்ணி குடுக்கலையா?"

"ரெண்டு நாள் குடுத்தாக. மூணாம் நாள் நிப்பாட்டிட்டாக. புள்ளைக வெளியில பானிபூரி தின்னுச்சு, அதான் காமாலைங்கிறாக. காமாலை வந்த நாகஜோதி பானிபூரிக் கடையக் கண்ணால பாத்ததே கெடையாது. ஒரிசாக்காரப் புள்ளைக மூணு பேரு, தமிழே தெரியாது, கேட்ட விட்டு வெளிய போனதில்ல."

"இப்ப குடிக்கிறது அதே சம்ப்புத் தண்ணியா?"

"அதேதான். காச்சிக் குடுக்குறேன். நூத்திநாப்பது பேருக்கு எத்தனை அண்டா காச்ச? ஷிப்டு முடிஞ்சு வர்ற புள்ள தாகத்துல குழாயத் தொறந்து குடிச்சுட்டுத்தான் மறுவேலை பாக்குது. நேத்து இன்னும் ரெண்டு பேருக்குக் கண்ணு மஞ்சளாகிருச்சு."

எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். என் கை தயங்கியதைப் பார்த்துவிட்டார்.

"காச்சுனதுதான். குடிங்க."

குடித்தேன். சூடாக, புகை வாசத்தோடு.

மெமோவைக் காட்டினார். 'விடுதிக் குடிநீர் குறித்த தகவலை உரிய தலைப்புடன், உரிய படிவத்தில் நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரத் தவறியமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது.'

அங்கேயே சொன்னேன். ஏழாம் பக்கம், காலி ஸ்லைடுகள், படம் அழகாக வந்தது, பிறகு யாருக்கும் தெரியாமல் மாற்றியது. ஒன்றையும் விடவில்லை. கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"படம் நல்லா இருக்கணும்னா?"

"ஆமா."

கரண்டியை அண்டாவின் விளிம்பில் வைத்தார்.

"நீ அன்னைக்குச் சிரிச்ச. நடுவுல எங்கிட்டாவது வந்தாப் போதும்னு நான் சொன்னப்ப."

மேடம் என்று அழைப்பது போய்விட்டது. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அண்டாவை இறக்க ஆள் வேண்டும் என்றார். ஒரு பக்கக் காதை நான் பிடித்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அவருக்கான பதிலை எழுதினேன். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டுவரை. எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதத்தில் முதல் முறை.

நாச்சிமுத்துவிடம் ஏழாம் பக்கத்தின் மாற்ற வரலாற்றை அச்சடித்துத் தரக் கேட்டேன். கேள்வி இல்லாமல் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "இதை அனுப்புனது நான்னு வேணும்னாச் சொல்லிக்குங்க. பரவால்ல."

செப்டம்பர் 29, திங்கள்

காலை. தண்டபாணி சாரிடம் சொன்னேன். விளக்கக் கடிதம் என்னால் எழுத முடியாது. பக்கத்தை மாற்றியது நான்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கத்தவில்லை. குரல் இன்னும் தணிந்தது.

"தப்புப் பண்ணாத மனுசன் ஆருங்க? நானும் பண்ணியிருக்கறேன். அதுக்காகப் பேப்பர்ல எழுதிக் குடுப்பாங்களா? ஏழு பேரு இங்க சோறு திங்கறாங்க அம்மிணி. அந்தம்மாளுக்கு நான் வேற எடத்துல வார்டன் வேலை பாத்துக் குடுக்கறேன். எனக்குத் தெரிஞ்ச காலேஜ் இருக்குது. உங்களை ஆராச்சும் கேட்டாங்களா? ஆரும் கேக்கலையே."

"அவங்க வேலை மட்டும் இல்ல சார். தண்ணி இன்னும் அதேதான் வருது. பானிபூரின்னு சொல்லிட்டிருக்காங்க."

"அது மில்லோட பிரச்சினைங்க."

பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். "நாளையோட உங்க ரெண்டு மாசம் முடியுது. தெரியுமில்லீங்க?"

தெரியும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்று சுலபமாக இருந்திருக்கும்.

மாலை விடுதிக்குப் போனேன். பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கடிதத்தைப் படித்தார். இரண்டு பக்கம். வாய் மெதுவாக அசைந்தது. முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா யாரைப் பத்தி எழுதிருக்க?"

"உங்களைப் பத்தி."

"இல்லையே. ஆரம்பமே உன் தப்பு. அப்புறமும் உன் தப்பு. எப்படிப் பண்ணின, ஏன் பண்ணின, எப்ப மறைச்சன்னு ஒரு பக்கம் முழுக்க. நான் ரெண்டாம் பக்கத்துல வர்றேன். தண்ணி எங்க? இந்தா, கடைசியில, ரெண்டு வரி."

எட்டிப் பார்த்தேன். இரண்டு வரிதான்.

வருகைப் பதிவேட்டுக்கு வைத்திருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். பத்திகளின் ஓரத்தில் எண் போட்டார். கடைசிப் பத்திக்கு ஒன்று. காமாலை வந்த பெண்களின் பெயர்களும் தேதிகளும் இருந்த பத்திக்கு இரண்டு. அதன் பக்கத்தில் புதிதாக இரண்டு பெயர்களைச் சேர்த்தார். தான் யார் யாரிடம் எந்தெந்த நாளில் வாயால் சொன்னதைக் குறித்த பத்திக்கு மூன்று. என் முதல் பக்கம் முழுவதையும் ஒரு வளையத்துக்குள் அடைத்து, நாலு.

"இதைச் சுருக்கு. எட்டு வரி போதும். யாரு என்ன தப்புப் பண்ணினாகன்னு அவுக சாவகாசமாப் படிக்கட்டும். தண்ணி இன்னைக்கு வந்துக்கிட்டு இருக்குத்தா."

"நாலாவதுல போட்டா அவங்க படிக்காம விட்டுருவாங்க. அது இல்லாம உங்க மெமோ நிக்கும்."

"அதுக்குத்தான் நீ கூட வர்றீல்ல?"

வருகிறேன் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. மில் ஆபீஸ் வாசலில் பொரி மூட்டைகள், வாழைக்கன்று, பூசணிக்காய். பர்சனல் மேனேஜர் யாரிடமோ சந்தனம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

பிலோமினா கடிதத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் எழுத்து அல்ல, என் தட்டச்சு. அடியில் அவர் கையெழுத்து. அதற்கும் கீழே என்னுடையது. முதல் தாளில் கடிதம், பின்னால் ஹிஸ்டரியின் அச்சு, அதன் பின்னால் சுருள்கம்பி போட்ட பழைய கையேட்டின் ஏழாம் பக்கம்.

மேனேஜர் முதல் பத்தியைப் படித்தார். நெற்றியைத் தேய்த்தார். இரண்டாம் பத்தியில் விரலை வைத்துப் பெயர்களை எண்ணினார்.

"பதிமூணா? பதினொண்ணுன்னுதானே சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமை ரெண்டு பேரு சார். இந்தப் புள்ளைக ஒரிசா. பானிபூரி தின்னதில்ல."

அவர் போனை எடுத்தார். "ஆரப்பா, ஸ்டோர்ஸா? ஹாஸ்டலுக்கு லாரித் தண்ணி சொல்லு. இன்னைக்கே. இல்லப்பா, பூஜைக்கில்ல, குடிக்கறதுக்கு... எம்டி கிட்ட நான் பேசிக்கறேன். சம்ப்பு வால்வை உடனே மூடச் சொல்லு... அட, மூடுய்யா முதல்ல."

போனை வைத்தார். கடிதத்தை மடித்து ஒரு கோப்புக்குள் செருகினார். அதன் மேல் பூசாரிக்கு வாங்கிய வேட்டிப் பொட்டலத்தை வைத்தார்.

"சரிம்மா. நீங்க போங்க. உங்க மெமோ விசயம் அப்புறம் பாத்துக்கலாம்."

பிலோமினா எழுந்துவிட்டார். அவருக்கு வேண்டியதில் பெரிய பாதி கிடைத்துவிட்டது. முகத்தில் அது தெரிந்தது. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளினார். நானும் எழுந்திருக்கலாம். கடிதம் கொடுத்தாயிற்று. அதில் எல்லாம் இருக்கிறது. ஒன்றையும் மறைக்கவில்லை என்று இனி எப்போதும் சொல்லிக்கொள்ளலாம்.

என் கால்கள் எழுந்திருக்கத் தயாராகத்தான் இருந்தன. இரண்டு மாதமாக அவை செய்ததெல்லாம் அதுதான்.

"சார், நாலாவது பத்தி படிக்கல நீங்க."

"படிக்கறம்மா. பூஜை முடியட்டும்."

"இப்பவே படிங்க சார். எட்டு வரிதான்."

பிலோமினா என்னைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

மேனேஜர் பெருமூச்சு விட்டு, வேட்டிப் பொட்டலத்தை நகர்த்தி, கோப்பைத் திறந்தார். படித்தார். இந்த முறை விரல் மெதுவாக நகர்ந்தது. எட்டு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வெளியே யாரோ பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆருங்க இது, தமயந்தி?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிலோமினாவை. பிறகு தாளைப் புரட்டி, பின்னால் இன்னும் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.